கடைசி ஆள் போகும்வரை: சுவிஸ் மலைகளில் சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு

நான் முதன்முதலில் நேரில் பார்த்த சைக்கிள் பந்தயம் பத்துப் பன்னிரண்டு நொடிகளில் முடிந்துவிட்டது. லுசேர்னுக்குப் பக்கத்தில் ஒரு சமதரை வீதி. உணவகச் சமையலறையில் மதிய வேலை முடித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். மோட்டார் சைக்கிள்கள் போயின, கார்கள் போயின, அப்புறம் சர்ரென்று பல நிறங்கள். முகத்தில் காற்று அடித்தது, சங்கிலிகளின் இரைச்சல் கேட்டது, அவ்வளவுதான். நூற்றைம்பது பேர் போனார்கள், ஒருவர் முகமும் மனதில் நிற்கவில்லை. மறுநாள் இதைச் சொன்னபோது எங்கள் பெரிய சமையல்காரர், எமென்டாலில் பிறந்தவர், கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ நின்ற இடம் பிழை. மலைக்குப் போ. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பாய்."

அது நடந்து பதினைந்து வருடங்களுக்கு மேல். அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாளாவது விடுப்பு எடுத்து மலைக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிள்தான் எங்களுக்குக் காரும் லொறியும். பின்னால் அரிசி மூட்டை, முன்னால் தங்கச்சி என்று மிதித்துப் பழகியவன் நான். ஒரு மனிதன் தன் கால்களை மட்டும் நம்பி இரண்டாயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்தப் பாரம் என் தொடையிலும் தெரிகிறது. சுவிஸில் இருக்கும் நம் ஆட்களும், கோடையில் இங்கே வரும் சொந்தக்காரர்களும் எப்படிப் போவது, எங்கே நிற்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எந்தப் பந்தயம், எந்த மாதம்

இரண்டு பந்தயங்கள் முக்கியம். இரண்டும் பல நாட்கள் நடக்கும், எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் குறைந்த நேரம் எடுத்தவர்தான் பந்தயத்தை வெல்வார். ஏப்ரல் கடைசியில் தொடங்குவது டூர் டி ரொமாண்டி. பிரெஞ்சு பேசும் பகுதியில் 1947இலிருந்து நடக்கிறது. ஜூனில் நடப்பது டூர் டி சுவிஸ், 1933இல் தொடங்கியது. இந்த நாட்டுக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து பேசும் பந்தயம் இதுதான். ஃபெர்டி கூப்ளர், ஹூகோ கொப்லெட் என்று இரண்டு பேரைச் சொல்லிப் பாருங்கள், எண்பது வயதுக்காரர் ஒருவர் உங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் இதை மும்மூன்று முறை வென்றவர்கள். 1950இல் கூப்ளரும் 1951இல் கொப்லெட்டும் அடுத்தடுத்து டூர் டி பிரான்ஸையும் வென்றார்கள். சின்ன நாடு, இரண்டு வருடம் தொடர்ந்து. அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை.

முதல்முறை போகிறவர்கள் ஜூனில் போங்கள். ஏப்ரலில் பெரிய கணவாய்கள் எல்லாம் பனியால் மூடியிருக்கும். அதனால் ரொமாண்டி பெரும்பாலும் பனிச்சறுக்கு ஊர்கள்வரை ஏறி முடியும். லெய்சான், தியோன் போன்ற இடங்கள். குளிர் கடுமை. 2021இல் தியோனில் மழையும் குளிருமாக ஒரு நாள். கெரய்ன்ட் தோமஸும் மைக்கல் வூட்ஸும் கடைசி மீற்றர்களில் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். தோமஸின் கை விறைத்திருந்தது, கியர் மாற்ற முயன்றபோது பிடி நழுவி, கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தார். டூர் டி பிரான்ஸை வென்ற மனிதர் அவர். மறுநாள் மீண்டு வந்து அந்தப் பந்தயத்தையே வென்றார். ஓடுகிறவருக்கே அந்தக் குளிர் என்றால், நின்று பார்க்கிற உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஜூனிலும் பனி வராது என்று நம்ப வேண்டாம். 2024இல் நுஃபெனன் கணவாயில் பனி கிடந்ததால் ஒரு நாள் பந்தயத்தை நாற்பது கிலோமீற்றர் சொச்சமாகச் சுருக்கினார்கள். நுஃபெனன் 2478 மீற்றர் உயரம். அவ்வளவு உயரத்தில் ஜூனுக்கும் மார்ச்சுக்கும் சில நாட்களில் வித்தியாசமே தெரியாது. ஆகவே முதல்நாள் இரவும் அன்று காலையும் பந்தயத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பாருங்கள். பாதை மாறியிருந்தால் அதில் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று. டூர் டி சுவிஸ் முன்பு எட்டு ஒன்பது நாட்கள் நடந்தது. 2026இலிருந்து ஐந்து நாட்களாக்கி, பெண்கள் பந்தயத்தையும் அதே நாட்களில் அதே ஊர்களில் நடத்தும்படி மாற்றியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு இது பெரிய லாபம். ஒரே வளைவில் நின்று இரண்டு பந்தயம் பார்க்கலாம். பெண்கள் பந்தயத்தைத் தவறவிடாதீர்கள். பேர்ன் மாநிலத்துப் பெண் மார்லென் ரொய்சர், படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர், 2023இலும் 2025இலும் இதை வென்றார். அவர் ஏறுவதைப் பார்த்தால் தோள் அசையாது. கால் மட்டும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

இடம் தேர்வது

இதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவை பிழைத்தாலும் சமாளிக்கலாம், இடம் பிழைத்தால் அன்றைய நாள் போச்சு.

ஒவ்வொரு நாளுக்கும் மலையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வெளியிடுவார்கள். அதில் ஏற்றத்தின் சரிவு விழுக்காட்டில் இருக்கும். எட்டு விழுக்காடு என்றால் நூறு மீற்றர் போவதற்குள் எட்டு மீற்றர் உயர்கிறது என்று அர்த்தம். சமதரையில் கூட்டமாக மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர்கள், எட்டு விழுக்காட்டில் இருபது இருபத்திரண்டுக்கு வந்துவிடுவார்கள். நொடிக்கு ஆறு மீற்றர். அந்த வேகத்தில் ஒரு மனிதனின் முகம் பார்க்கலாம், மூச்சுக் கேட்கலாம், நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுவது தெரியும். அதோடு வேகம் குறைந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து காற்றைத் தவிர்ப்பதும் அவ்வளவாக உதவாது. பலம் உள்ளவன் போவான், இல்லாதவன் விடுபடுவான். அதனால்தான் கூட்டம் சிதறுகிறது. சமதரையில் பத்து நொடியில் கடந்த அதே ஆட்கள், ஒரு நீண்ட ஏற்றத்தின் மேல்பகுதியில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை உங்களைக் கடந்து முடிக்க இருபது நிமிடம், சில நாள் அரை மணி நேரம்கூட எடுப்பார்கள்.

ஆகவே படத்தில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். அது அன்றைய கடைசி ஏற்றமாக இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் உச்சிக்கு முன் இரண்டு முதல் ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். அங்கே சரிவு எட்டுக்கு மேல் இருக்க வேண்டும். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பதை நான் விரும்புவதில்லை. அங்கே தடுப்பு வேலி, விளம்பரப் பலகை, முன்னால் நிற்பவரின் முதுகு. மேடையையும் வெற்றியாளரையும் பார்க்க வேண்டும் என்றால் சரி, ஒருமுறை போங்கள்.

என் கண்ணில் சிறந்த இடம், கீழே வரும் பாதை முழுவதும் தெரியும் கொண்டை ஊசி வளைவு. கொட்ஹார்ட் கணவாயின் தெற்குப் பக்கத்தில் ஐரோலோவிலிருந்து ஏறும் பழைய பாதை த்ரெமோலா இதற்கென்றே கட்டியது போல இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதை. மேல்பகுதியில் இருபத்து நான்கு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தரை தார் அல்ல, சதுரமாக வெட்டிப் பதித்த கருங்கல். நேரப் பற்றாக்குறை உள்ளவர்கள் எல்லாம் புதிய பாதையிலும் சுரங்கத்திலும் போய்விடுவதால் இது அமைதியான பாதை. 2019 டூர் டி சுவிஸில் இந்த ஏற்றத்தில் கொலம்பிய ஓட்டக்காரர் ஏகன் பெர்னால் தனியே ஏறி வென்றதை நான் மேலிருந்து பார்த்தேன். அவர் என் வளைவுக்கு வருவதற்கு முன்பே, மொத்த நேரத்தில் முன்னிலையில் இருந்ததால் அவர் போட்டிருந்த மஞ்சள் உடை, கீழே ஆறு ஏழு வளைவுகளில் ஒரு சின்னப் புள்ளியாக இடமும் வலமுமாக மாறி மாறி வந்தது. அடுத்த மாதம் அதே மஞ்சளில், இருபத்திரண்டு வயதில், அவர் டூர் டி பிரான்ஸை வென்றார். த்ரெமோலா ஒவ்வொரு வருடமும் பாதையில் வராது. அது பாதையில் வரும் வருடத்தில் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

இறக்கத்தில் நிற்காதீர்கள்

இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, வற்புறுத்திச் சொல்கிறேன். கணவாயின் மறுபக்கம் இறங்கும்போது இவர்கள் மணிக்கு எண்பது, தொண்ணூறு, சில இடங்களில் நூறு கிலோமீற்றரைத் தொடுவார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு விசில் சத்தம் மட்டும். ஆனால் ஒரு ஆள் ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு உயிர் போகலாம்.

2023 ஜூன் 15. டூர் டி சுவிஸில் அல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது சுவிஸ் ஓட்டக்காரர் ஜீனோ மேடர் பாதையை விட்டு விழுந்தார். அடுத்த நாள் இறந்தார். இருபத்தாறு வயது. அதில் பார்வையாளர் எவரும் சம்பந்தப்படவில்லை, ஆனாலும் அந்த நாளிலிருந்து இறக்கம் என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அதே பந்தயத்தின் கடைசி நாளில் அண்டர்மாட்டில் அவர் கையை உயர்த்தி வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியவர்கள் நாங்கள். இறந்த அன்று பந்தயம் நடக்கவில்லை. எல்லா அணிகளும் சேர்ந்து, கடைசி இருபது கிலோமீற்றரளவு மெதுவாக, போட்டியில்லாமல் ஓட்டிவந்தார்கள். வீதியோரத்தில் நின்றவர்கள் கத்தவில்லை, கைதட்டினார்கள். வேலை முடிந்து வந்து அதைத் திரையில் பார்த்தபோது மனைவியும் நானும் ஒன்றும் பேசவில்லை.

போய்ச் சேர்வது

முதலில் நேர அட்டவணையைத் தேடுங்கள். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், 'மார்ஷ்டாபெல்லே' என்பார்கள். ஒவ்வொரு ஊரும் கணவாயும் எத்தனையாவது கிலோமீற்றர், விளம்பர வாகனங்கள் எப்போது வரும், பந்தயம் எப்போது வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். பந்தய நேரத்துக்கு மூன்று நிரைகள்: மெதுவாக வந்தால், நடுத்தரமாக வந்தால், வேகமாக வந்தால். நான் எப்போதும் வேகமான நிரையை எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். பாதையை வாகனங்களுக்கு மூடும் நேரம் வேறாக அறிவிப்பார்கள், பந்தயத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். மூடிய பிறகும் நடந்து போகலாம், பெரும்பாலும் சைக்கிளிலும் கொஞ்ச நேரம் விடுவார்கள். பொலிஸ்காரர் இறங்கு என்றால் இறங்கிவிடுங்கள்.

காரில் போகாதீர்கள். போகும்போது சுலபம், திரும்பும்போது கணவாயிலிருந்து இறங்கும் ஒரே பாதையில் ஆயிரம் கார்களுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நிற்பீர்கள். ரயிலில் அடிவாரம்வரை போய், அங்கிருந்து காலால் ஏறுவதுதான் என் வழக்கம். ஐரோலோவில் ரயில் நிலையம் இருக்கிறது. அண்டர்மாட்டுக்கு கோஷெனனில் மாறிப் பல்சக்கர ரயிலில் ஏறலாம். அரைக் கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் நாள் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். நாளை நெருங்க நெருங்க ஏறிவிடும், ஆகவே விடுப்புக் கிடைத்த அன்றே வாங்கிவிடுங்கள்.

மலைக்கு மேல் மஞ்சள் தபால் பஸ் ஓடும். ஆனால் பாதை மூடும்போது பஸ்ஸும் நிற்கும். ஒருமுறை நான் நேர அட்டவணையை மட்டும் நம்பி நிறுத்தத்தில் காத்திருந்தேன், பஸ் வரவே இல்லை. நிறுத்தத்துக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்ததை வாசிக்காமல் விட்டது என் பிழை. மேலே ஏறி முடிவதற்குள் முன்னணி ஆட்கள் போய்விட்டார்கள். ஆகவே காலையிலேயே முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், அல்லது நடங்கள். நடப்பவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வரம் உண்டு. மஞ்சள் நிற நடைபாதைப் பலகைகளில் தூரத்தை எழுதமாட்டார்கள், எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். அந்த நேரம் நல்ல நடைக்காரனுக்கு. பிள்ளைகளோடு போனால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

மேய்ச்சல் நிலத்தின் படலையைத் திறந்து போனால் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். ஜூனில் மாடுகள் மேலே ஏறியிருக்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்குப் பக்கத்தில் போகவேண்டாம், சுற்றிப் போங்கள்.

பையில் என்ன

மேலே கடை இல்லை என்று நினைத்துக்கொண்டே கட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல்நாள் இரவே கோதுமை ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்துவைத்துவிடுவோம். ரொட்டி ஆறினாலும் கெடாது, கையால் பிய்த்துத் தின்னலாம், பக்கத்தில் நிற்பவருக்கும் கொடுக்கலாம். சம்பலை மட்டும் எச்சரித்துவிட்டுக் கொடுங்கள். ஒரு சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சி போட்ட பிளேன்ரீ. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்.

உடுப்பு அடுக்கடுக்காக. காலையில் ஏறும்போது வியர்க்கும், நின்றால் பத்து நிமிடத்தில் நடுங்கும். மாற்ற ஒரு உலர்ந்த பனியன், கம்பளிச் சட்டை, மழைக்கு ஒரு ஜாக்கெட், தொப்பி, கையுறை. ஜூன் மாதமா கையுறையா என்று கேட்பவர்களுக்கு: ஆம். அதேநேரம் வெயில் பூச்சும் வேண்டும், அந்த உயரத்தில் நம் கறுத்த தோலும் எரியும். உட்கார ஒரு சின்னப் பாய். குப்பைக்கு ஒரு பை, அதைத் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும்.

இன்னொரு பொருள் ஓட்டக்காரர் பட்டியல். அன்று காலை அதைத் தாளில் அச்சடித்து எடுங்கள். மலையில் தொலைபேசி இணைப்பு இருக்கும் இல்லாமலும் போகும். ஒவ்வொரு அணிக்கும் இலக்கங்கள் வரிசையாக இருக்கும்: ஒன்றிலிருந்து ஏழு, பதினொன்றிலிருந்து பதினேழு என்று. ஒன்றில் முடிகிற இலக்கம் பொதுவாக அந்த அணியின் தலைவருக்கு. இலக்கம் முதுகின் கீழ்ப்பக்கம் குத்தியிருக்கும். ஆகவே பெயர் சொல்லிக் கத்த விரும்பினால் உடை நிறத்தை வைத்து முன்பே தயாராக இருக்க வேண்டும், இலக்கம் தெரியும்போது அவர் போய்விட்டிருப்பார். மஞ்சள் உடை அதுவரையான நாட்களின் மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கு. வெள்ளையில் குறுக்கே ஐந்து நிறப் பட்டை உலகச் சாம்பியனுக்கு. சிவப்பில் வெள்ளைச் சிலுவை சுவிஸ் சாம்பியனுக்கு, அந்த உடையைக் கண்டதும் மலையே எழுந்து நிற்கும்.

அவர்கள் வரும்போது

முதலில் விளம்பர வாகனங்கள் வரும். தொப்பி, இனிப்பு, சின்னச் சின்னப் பொருட்கள் எறிவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பந்தயம். அவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வாகனத்துக்கும் வாகனத்துக்கும் நடுவே விழுந்ததை எடுக்க ஓட விடாதீர்கள்.

பிறகு ஒரு நீண்ட அமைதி. எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. மாட்டுமணி, ஓடைத் தண்ணீர், யாரோ ஒருவரின் வானொலி. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுங்கள். இந்த நாட்டில் ரயிலில் எதிரே இருப்பவர் பேசமாட்டார், மலை வளைவில் பேசுவார். 1980களில் அடைக்கலம் தேடி இங்கே வந்து, ஊருக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடந்த எங்கள் ஆட்கள் பலர். ஒரு வளைவில் நான்கு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தபோதுதான், வேலையிடத்துக்கு வெளியே சுவிஸ்காரர் ஒருவரோடு நான் முதல்முறை நீண்ட நேரம் கதைத்தேன்.

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் எழுந்து நில்லுங்கள். பள்ளத்தாக்கில் அது உங்கள் காலுக்குக் கீழே பறக்கும். அதன் கீழேதான் முன்னணி ஆட்கள் இருப்பார்கள். அடுத்து பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள், பந்தயத் தலைமைக் கார், பிறகு முதல் ஆள்.

எங்கே நிற்பது: வளைவின் மேல்பக்கத்து மண்மேட்டில், பாதையிலிருந்து ஒரு அடியாவது உயரமாக. வளைவின் வெளிவிளிம்பில் நிற்கவேண்டாம், அணிக் கார்கள் அங்கே அகலமாகத் திரும்பும். ஓட்டக்காரர் பெரும்பாலும் உங்களைத் தொடமாட்டார், காரின் பக்கக் கண்ணாடி தொடும். தொலைபேசியை நீட்டிப் பிடிக்காதீர்கள், அதற்குள் பார்க்கும்போது தூரம் பிழையாகத் தெரியும். 2021இல் டூர் டி பிரான்ஸின் முதல் நாளில் ஒருவர் கமராவைப் பார்த்துக்கொண்டே ஒரு அட்டையைப் பாதைக்குள் நீட்டினார், பாதிக் கூட்டம் குவியலாக விழுந்தது. பக்கத்தில் ஓடாதீர்கள். தள்ளிவிடாதீர்கள், தள்ளியவருக்கு அல்ல, தள்ளப்பட்டவருக்குத்தான் தண்டனை போகும்.

கத்துங்கள், அது கட்டாயம். டொச் பேசும் பக்கம் "ஹொப் ஹொப் ஹொப்", ரொமாண்டியில் "அலே அலே", த்ரெமோலா போன்ற இத்தாலி மொழிப் பக்கம் "ஃபோர்ட்சா" அல்லது "டாய் டாய்". தமிழிலும் கத்தலாம். என் மகள் "கெதியா கெதியா" என்று கத்துவாள். ஒருமுறை ஒரு ஓட்டக்காரர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

முன்னணியில் ஒருவர் இருவர் போவார்கள். பிறகு மஞ்சள் உடையும் அதற்குப் போட்டியானவர்களும். தொலைக்காட்சி அவர்களோடு போய்விடும். நிறையப் பேரும் அப்போதே பாயைச் சுருட்டத் தொடங்குவார்கள். நீங்கள் சுருட்டாதீர்கள். மலைக்கு வந்ததே இனி வருகிறவர்களுக்காக. அணித் தலைவருக்காகக் கீழே முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிவிட்டு, வேலை முடிந்து, தன் வேகத்தில் ஏறுகிறவர். காலையில் விழுந்து முழங்கை கட்டுப்போட்டவர். முதல் வருடம் ஓடுகிற பொடியன், உதடு வெளிறி, பார்வை முன்சில்லில் குத்தி நிற்க. அவர்களுக்குப் பின்னால் வேகமோட்டக்காரர்கள், பாரமான உடம்புக்காரர்கள், முப்பது நாற்பது பேர் ஒன்றாக வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு குருப்பெத்தோ என்று பெயர். வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட விழுக்காடு கூட்டி ஒரு எல்லை வைத்திருப்பார்கள், அதற்குள் வராவிட்டால் மறுநாள் ஓட முடியாது. அந்த எல்லையைக் கணக்கிட்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு, நேற்றுவரை எதிரியாக இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு ஏறுவார்கள். தண்ணீர்ப் போத்தல் கிடைப்பதும் இவர்களிடமிருந்துதான். ஒரு பிள்ளையைக் கண்டால் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். உருண்டு பாதைக்குள் போனால் மட்டும், கடைசி வாகனம் போகும்வரை எடுக்கவேண்டாம்.

வயதானவர்களோடோ சின்னப் பிள்ளைகளோடோ போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மலையேற்றத் தனிநபர் நேர ஓட்டம் இருக்கும் நாளைத் தேடுங்கள். அதில் எல்லோரும் தனித்தனியே, இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில், முன்னிலை வகிப்பவர் கடைசியில். மூன்று மணி நேரம் ஆள் வந்துகொண்டே இருப்பார். 2025இன் கடைசி நாள் அப்படித்தான், பெக்கன்ரீட்டிலிருந்து எம்மெட்டன் வழியாக ஸ்டொக்ஹூட்டேவரை பத்துக் கிலோமீற்றர். லுசேர்னிலிருந்து கப்பலிலேயே பெக்கன்ரீட்டுக்குப் போகலாம். மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். முதல்நாளே மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்திருந்த ஜொவாவ் அல்மெய்டா, ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுகொண்டு வந்து, அந்த ஏற்றத்தில் மஞ்சள் உடையில் இருந்த கெவின் வோக்லானையும் தாண்டி வென்றார். மாமிக்கு அல்மெய்டா யாரென்று தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கைதட்டினா. வோக்லான் கடைசியாக, தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்தும் பல்லைக் கடித்து ஏறியபோது, "இந்தப் பிள்ளைக்கு யாராவது தண்ணி குடுங்கோ" என்றா.

கடைசி ஆள் போனதும் உடனே பாதையில் இறங்காதீர்கள். அணிக் கார்கள், அம்புலன்ஸ், பிறகு விலகியவர்களை ஏற்றும் வண்டி, துடைப்ப வண்டி என்பார்கள், எல்லாம் போகவேண்டும். முடிவுக்கு வந்த ஓட்டக்காரர்கள் பலர் குளிருக்குப் போர்த்திக்கொண்டு அதே பாதையில் கீழே நிற்கும் அணி பஸ்ஸுக்கு இறங்குவார்கள், அவர்களுக்கும் வழி விடுங்கள். பாதை திறந்தபின் கீழிருந்து தபால் பஸ்ஸின் மூன்று சுரக் கொம்பு கேட்கும். அதுவரை இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம்.

2019இல் த்ரெமோலாவில் எங்களைச் சுற்றி இருந்த எல்லோரும் போய்விட்டார்கள். பெர்னால் மேலே மேடையில் ஏறியிருப்பார். குருப்பெத்தோவும் போய்விட்டது. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்பது வயதாக இருந்த மகள் மதிலில் நின்று கீழே பார்த்துவிட்டு, "அப்பா, இன்னும் ஒராள் வாறார்" என்றாள். நாலு வளைவுக்குக் கீழே ஒருவர், தனியாக, பின்னால் துடைப்ப வண்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும். கருங்கல்லில் சில்லு தடதடவென்று அடிக்கும் சத்தம் அவருக்கு முன்பே மேலே வந்தது. எங்கள் வளைவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு டிசினோக்காரக் கிழவரும் மட்டும். நாலு பேரும் கத்தினோம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கைப்பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த வளைவுக்கு ஏறினார்.